நர்ஸம்மாவின் ஞாயிற்றுக்கிழமை லொறி

எங்கள் தோட்டத்து லொறிக்கு ஞாயிற்றுக்கிழமையில் வேலை கிடையாது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஃபெக்டரி வாசலில் கிடக்கும். அந்த லொறி ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைப் பெட்டி ஏற்றாமல், பொம்பளைகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனது என்றால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் போனது. அதற்குக் காரணம் ஒரே ஆள், தோட்டத்து மருத்துவச்சி. நாங்கள் நர்ஸம்மா என்போம்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கையில் ஏந்தி வெளியே எடுத்தவர். அதனாலோ என்னவோ, வயிறு பற்றி எரிகிற நேரத்தில்கூட ‘அவள்’ என்று எழுத வரவில்லை. அவர் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

வெள்ளைச் சேலை, வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, கழுத்தில் சின்னதாய் ஒரு சிலுவை, கக்கத்தில் கறுப்புக் குடை. மழை இல்லாவிட்டாலும் குடை இருக்கும். பையில் பஞ்சும் மருந்தும் இருக்கிறதோ இல்லையோ, சவர்க்காரத் துண்டு ஒன்று இருக்கும், அட்டை கடித்தால் தடவுவதற்கு. டிஸ்பென்சரிக்குப் பக்கத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஏன் கலியாணம் செய்துகொள்ளவில்லை என்று ராக்கு அக்கா ஒருதரம் நேராகவே கேட்டுவிட்டாள். ராக்கு அக்கா எங்கள் பக்கத்து வீடு. வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு வைக்காத பிறவி. “ஊர்ல இருக்கிற பிரசவமெல்லாம் பாத்தவளுக்குக் கலியாணத்துல என்னா ஆசை இருக்கும்” என்று நர்ஸம்மா சிரித்தார். தன்னைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான். நாங்களோ எங்களைப் பற்றி ஒன்றும் பாக்கி வைக்கவில்லை.

அதற்குக் காரணம் அவர் கேட்கிற விதம். நாம் பேச ஆரம்பித்தால் கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிடுவார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். பேச்சு எங்கேயாவது தட்டி நின்றால் “ம்... அப்புறம்?” என்பார். அந்த ‘அப்புறம்’ போதும், நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலி போல மிச்சம் எல்லாம் கொட்டிவிடும். கலியாணமாகி வந்த பிறகு என்னிடம் அப்படிக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை. புருசன் நல்லவர்தான், ஆனால் பாதிப் பேச்சில் தூங்கிவிடுவார். கங்காணி கேட்பான், “அப்புறம் எங்கடி கொழுந்து?” என்று.

முதல் தடவை அவர் எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கு வந்து, “வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் நுவரெலியாவுக்குப் போறோம், சீசன் பாக்க” என்றபோது யாரும் நம்பவில்லை. ஏப்ரல் மாதத்துச் சீசன் என்பது கொழும்பு ஆட்களுக்கு. அவர்கள் குளிர் தேடி வருவார்கள். நாங்கள் குளிருக்குச் சாக்குப் போர்த்துகிறவர்கள். ராக்கு அக்காதான் எழுந்தாள்.

“அங்க போயி என்னா செய்றது நர்ஸம்மா?”

“மலை ஏறுவோம். ஏரியில போட்டுல போவோம். பூங்காவுல ஒக்காந்து சாப்புடுவோம்.”

“கிழமை பூரா மலையில ஏறி எறங்கி முட்டி கழண்டு போயிக் கெடக்கு. ஞாயித்துக்கெழமயும் மலை ஏறணுமா? அதுக்கு லொறி வேறயா?”

லயமே சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்தார். “அந்த மலையில கூடை இருக்கும், கங்காணி இருப்பான். இந்த மலையில ரெண்டும் இருக்காது. ஒருதரம் ஏறிப் பாருங்க” என்றார். சும்மா மலை ஏறுவது என்ன மாதிரி இருக்கும் என்று அதுவரை நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை. லொறியை யார் தருவார்கள் என்று கேட்டதற்கு, “நான் பேசிக்கிறேன்” என்றார்.

அந்த ‘நான் பேசிக்கிறேன்’ அவருடைய மந்திரம். கணக்கப்பிள்ளை சுகயீன லீவு தர மறுத்தால் நான் பேசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்றால் நான் பேசிக்கிறேன். எங்களுக்கு வராத ஒரு காரியம் பேச்சு. அதை அவர் எடுத்துக்கொண்டார். நாங்களும் தலையில் இருந்த கூடையை இறக்கிக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டோம்.

நல்ல நாட்கள் அவை. பொய் சொல்லக் கூடாது. குதிரைச் சவாரிக்காரனிடம் “மல்லி, மல்லி” என்று சிங்களத்தில் தம்பி போட்டுக் கொஞ்சிப் பேசி, எங்கள் பிள்ளைகளை எல்லாம் ஆளுக்கு ஒரு சுற்று ஏற்றிவிட்டார். என் மூத்தவள் செல்வி குதிரை முதுகில் ஏறி உட்கார்ந்ததும், பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருந்தாள். இறக்கிவிட்ட பிறகு “அம்மா, சூடா இருந்திச்சு” என்றாள். பூங்காவில் ஊஞ்சலைக் கண்டதும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். “ஏறு” என்றார் நர்ஸம்மா.

“கலியாணமான பொம்பள ஊஞ்சல்ல ஏறலாங்களா?”

“ஏன், ஊஞ்சலுக்குத் தெரியுமா ஒனக்குக் கலியாணமாச்சின்னு?”

பின்னால் இருந்து அவரே தள்ளிவிட்டார். நான் கத்தினேன். அந்த வயதில் நான் சந்தோசத்துக்குக் கத்தியது அந்த ஒருதரம்தான்.

அதே பூங்காவில்தான் இன்னொன்றும் நடந்தது. வாசலில் நின்ற காவல்காரன் முதலில் எங்களை விடவில்லை. இத்தனை பேர் லொறியில் வந்தால் பூச்செடி என்னாவது என்று மறித்தான். நர்ஸம்மா “நான் பேசிக்கிறேன்” என்று குடையோடு போனார். எனக்குச் சிங்களம் ஓரளவு விளங்கும். சின்ன வயதில் ஒரு சிங்களக் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். நான் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன். நர்ஸம்மா ராக்கு அக்காவைக் கண்ணால் காட்டி, அவளுடைய பிள்ளை பீலிக்கரையில் விழுந்து செத்ததைச் சொன்னார். எப்படி விழுந்தது, இவள் எப்படி வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள், கடைசியில் பிள்ளை என்ன கேட்டது, எல்லாம். ராக்கு அக்கா ஒரு நாள் அவர் மடியில் தலையை வைத்து அழுது சொன்னது அது. காவல்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தான். ஒன்றும் தெரியாத ராக்கு அக்கா, “நல்ல மனுசன்” என்று அவனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்தது. ஆனால் பிள்ளைகள் புல்லில் உருண்டுகொண்டிருந்தன. நல்லதுக்குத்தானே சொன்னார் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் லயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்தபடி இருக்கும். முதல் வீட்டில் பிள்ளை தும்மினால் கடைசி வீட்டில் ‘நூறு’ என்று வாழ்த்துவார்கள். புருசன் பெண்சாதி கொஞ்சினாலும் ஊருக்குக் கேட்கும், அடித்துக்கொண்டாலும் கேட்கும். அதனால் முக்கியமான பேச்சு எதையும் நாங்கள் வீட்டுக்குள் வைத்துப் பேச மாட்டோம். வெளியே போய்த்தான் பேசுவோம். தேயிலைக்கு நடுவில், ரோட்டு வளைவில், பாறை மேல். ஊர் உலகத்தில் ரகசியம் பேசக் கதவைச் சாத்துவார்கள். நாங்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவோம். நாலு பக்கமும் வெட்டவெளி இருந்தால்தான் எங்களுக்குப் பயம் விடும்.

அப்படி இருக்கிற எங்களை அவர் மலை உச்சிக்கும் ஏரி நடுவுக்கும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வாய் திறக்காமல் என்ன செய்யும்?

பிறகு வந்தது பஞ்சம். மாவுக்குக் கடை வாசலில் விடியும் முன்னே போய் நின்ற காலம் அது. பாண் ரொட்டியும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளியை அவித்து அதையே காலையிலும் மாலையிலும் தின்று பிள்ளைகள் வயிறு ஊதிப்போய்க் கிடந்தன. நான் அப்போது இரண்டாவதாகச் சுமந்துகொண்டிருந்தேன். அதற்கு முன் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. நர்ஸம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவ நல்லாச் சாப்புடணும். இல்லாட்டி இதுவும் தங்காது, சொல்லிட்டேன்” என்றார். நல்லாச் சாப்பிடச் சொல்லிவிட்டார். எதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் புருசன்தான் வழி கண்டுபிடித்தார். தலவாக்கலையில் எங்களுக்குத் தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரின் கடையில், முளை விட்டு விற்க முடியாமல் கிடந்த உருளைக்கிழங்கைச் சாக்கோடு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தோட்டத்தின் கடைசி மூலையில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தை நாங்கள் காட்டுத் தொங்கல் என்போம். அங்கே யாரும் போக மாட்டார்கள். எங்கள் லயத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து, வேலை முடிந்த பிறகு போய்ப் போய்க் கொத்தி நட்டார்கள். தோட்டத்து மண்ணில் துரையைக் கேட்காமல் ஒரு கீரை விதை போட்டாலும் குற்றம். எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் பசிக்குச் சட்டம் தெரியாதே. லயத்துக்குள் அதைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது என்று சத்தியம். பிள்ளைகள்கூட வாய் திறக்கவில்லை.

அந்த வருடமும் ஏப்ரல் வந்தது. இந்தக் கஷ்டத்தில் சீசன் எதற்கு என்று நாங்கள் தயங்கினோம். “மலையைப் பாக்குறதுக்கு மாவு வேணாம், வாங்க” என்றார் நர்ஸம்மா. லொறி வந்தது. அந்தத் தடவை ஒற்றை மரத்து மலைக்கு ஏற்றினார். மேலே போய் நின்றால் ஏரி, குதிரைப் பந்தயத் திடல், ஊர் எல்லாம் காலடியில் கிடந்தன. பிள்ளைகள் சாக்கை விரித்துப் புல்லில் சறுக்கி விளையாடின. நாங்கள் வட்டமாக உட்கார்ந்து மரவள்ளி ரொட்டியைப் பிய்த்தோம். தொண்டையில் இறங்கவில்லை.

“அடுத்த மாசம் இந்நேரம் கிழங்குக் கறியோட வருவோம் பாருங்க நர்ஸம்மா” என்றாள் ராக்கு அக்கா.

நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

“ஏன்டி கிள்ளுற? இங்க யாரு இருக்கா? காத்துதான் இருக்கு. நர்ஸம்மா நம்ம ஆளு.”

நர்ஸம்மா கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்தார். “ம்... அப்புறம்?”

ராக்கு அக்கா சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். எங்கே நட்டது, செடி எவ்வளவு உயரம் நிற்கிறது, பூப் பூத்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் இலை பழுத்துவிடும், எல்லாம். இத்தனை நாள் அடக்கி வைத்த பேச்சு. காற்றில் கத்திச் சொல்ல அவ்வளவு சுகமாக இருந்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

“மொதக் கூடை ஒங்களுக்குத்தாங்க நர்ஸம்மா” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி வயிற்றின் மேல் கையை வைத்தார். “எனக்கு எதுக்கும்மா கூடை. இதுக்குக் குடு. புள்ள நிறையாப் பொறக்கட்டும்” என்றார். அவர் கண் கலங்கி இருந்தது. நடிப்பு இல்லை. அது நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ மேல்.

இரண்டு வாரம் போகவில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுகிற இடத்தில், ஆண்களுக்கு வேலை பிரிக்காமல், எல்லோரையும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்களாம். துரை மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, கணக்கப்பிள்ளை பின்னால் நடத்திக்கொண்டு போனான். காட்டுத் தொங்கலுக்குத்தான். நட்ட ஆட்களைக் கொண்டே வெட்டச் சொன்னார் துரை. அடுத்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நாங்கள் சத்தம் கேட்டு இறங்கி ஓடினோம். என் புருசன் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் வெள்ளை வெள்ளையாகக் கிழங்கு வந்து விழுந்தது. நல்ல விளைச்சல். எல்லாவற்றையும் குவித்து, ஒன்றையும் எடுக்க முடியாதபடி மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள்.

துரை எங்களைப் பார்த்துச் சிரித்தார். தோட்டத்துத் தமிழ் பேசுகிற துரை. “என்னா, மொத கூடை நர்ஸுக்கா? எனக்கு இல்லியா?” என்றார்.

மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தச் சொல் யார் காதிலும் சரியாக விழவில்லை. என் காதில் விழுந்தது. அதைச் சொன்ன வாய் என்னுடையது. சொன்ன இடம் மலை உச்சி. லயத்தில் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. கூடையை அங்கேயே போட்டுவிட்டு நான் டிஸ்பென்சரிக்கு நடந்தேன்.

அவர் போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டு, எப்போதும் போலத் தலையைச் சாய்த்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“நீங்களா சொன்னீங்க?”

“ஆமாம்மா.”

இல்லை என்று சொல்லுவார், சண்டை பிடிக்கலாம் என்று வந்தவள் நான். வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அடுத்த மாசம் வருவோம்னீங்கல்ல, அதுக்கு லொறி கேக்கப் போனேன்” என்றார். “சும்மா கேட்டாக் குடுத்துருவாங்களா? இத்தன வருசமா எப்படிக் குடுத்தாங்கன்னு நெனச்சே? பங்களாவுல ஒக்கார வச்சித் தேத்தண்ணி குடுப்பாங்க. லயத்துல என்னா விசேசம்னு துரை கேப்பாரு. நான் ஏதாச்சும் சொல்லணும்ல? இந்தத் தடவ சொல்லுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. சிரிச்சிட்டு விட்டுருவாருன்னு நெனச்சேன். வெட்டுவாருன்னு நெனக்கல.”

“சொல்லாம வந்திருந்தா?”

“லொறி வராது.”

“வராட்டிப் போவுது.”

“புள்ளைங்க குதிரையில ஏற வேணாமா?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். என் செல்வி குதிரை மேல் உட்கார்ந்திருந்த முகம் அவருக்கும் ஞாபகம் இருந்தது போல.

அங்கே உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தது. கடைசி வீட்டுக்காரர் மறைவாக வளர்த்த ஆட்டைக் கணக்கப்பிள்ளை நேராகப் போய் அவிழ்த்துக்கொண்டு வந்தது. சங்கத்துக் கூட்டத்துக்கு ஆட்கள் கூடும் முன்பே துரை அங்கே போய் நின்றது. யார் காட்டிக் கொடுத்தது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கிடந்தது. அதற்கெல்லாம் பிறகுதான் ஏரியில் போட்டுச் சவாரி, பூங்காவில் ஊஞ்சல். எங்கள் வாயில் இருந்து எடுத்ததை விற்று எங்களுக்கே சீசன் காட்டியிருக்கிறார். கூட இருந்து குழி பறிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பறித்த குழியில் பூச்செடியும் நட்டுக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

லயத்தில் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. “நர்ஸம்மாவையா சொல்லுற? நாக்கு அழுகிப் போயிரும்” என்றாள் ராக்கு அக்கா. பூங்கா வாசலில் நடந்ததை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கோபம் இருந்தால் என்ன, பிரசவத்துக்கு அந்தக் கைதான். தோட்டத்தில் வேறு கை கிடையாது. மழை அடித்து ஓய்ந்த ஒரு மத்தியானம் எனக்கு வலி வந்தது. நர்ஸம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பைத் தேய்த்துவிட்டார். அந்தக் கை எப்போதும் போலச் சூடாக இருந்தது. “கத்திரும்மா. கத்தினா லேசா இருக்கும்” என்றார். நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். ஊஞ்சலில் கத்திக் கொடுத்தேன், மலையில் பேசிக் கொடுத்தேன், இதையும் கொடுக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு. கடைசி வரைக்கும் ஒரு முனகல்கூட விடவில்லை. பையன் பிறந்தான். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். அவனை நிறுத்துப் பார்த்தபோது நர்ஸம்மா எடையை வாய்விட்டுச் சொல்லவில்லை. துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

எப்படியோ பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் எனக்குப் பால் போதவில்லை. அடுத்த வருடம் பஞ்சம் அப்படியேதான் இருந்தது. நானும் என் புருசனும் மறுபடி நட்டோம். இந்தத் தடவை யாரோடும் சேரவில்லை. பீலிக்கரைக்கு மேலே பெரிய பாறை ஒன்று உண்டு. அதன் பின்னால், ரெண்டு சாக்கை விரிக்கிற அளவு இடம். எங்கள் இரண்டு பேரைத் தவிரச் செல்விக்கு மட்டும் தெரியும். அடுப்புச் சாம்பலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் போடுகிறவள் அவள்தான்.

ஏப்ரலில் லொறி வந்து லயத்து வாசலில் ஹோர்ன் அடித்தது. பாதிப் பேர் ஏறினார்கள். பாதிப் பேர் உள்ளேயே இருந்துகொண்டோம். நான் பையனுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன், செல்வியைக் காணவில்லை. ராக்கு அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போயிருக்கிறாள். பிள்ளைதானே. அவளுக்குக் குதிரைதான் தெரியும்.

சாயங்காலம் வந்து இறங்கினாள். கன்னமெல்லாம் சிவந்து, தலையில் ஒரு பூ.

“முன் சீட்டுல வந்தேம்மா, நர்ஸம்மா பக்கத்துல.”

“என்னா பேசினாங்க?”

“அவங்க பேசல. நான்தான் பேசினேன். அவங்க கேட்டுக்கிட்டே வந்தாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“எல்லாம். குதிரை, பள்ளிக்கூடம், தம்பி அழுறது, பாறைக்குப் பின்னால நம்ம கிழங்கு...”

“அதுக்கு அவங்க என்னா சொன்னாங்க?”

“ம்... அப்புறம்னாங்க.”

நான் மண்வெட்டியை எடுத்தேன். “விடு புள்ள, போன தடவ நடந்ததுக்குப் பெறகும் சொல்லுவாங்களா? சொல்ல மாட்டாங்க” என்றார் என் புருசன். நம்புகிற மனிதர். அவருக்கு வாழ்க்கை எப்படியும் போய்விடும். “வெட்டுறதுக்கு அவனுங்க வர வேணாம், நானே வெட்டிக்கிறேன்” என்றேன். வெளிச்சம் போகும் முன் பாறைக்குப் பின்னால் போய், பச்சைச் செடியை எல்லாம் வேரோடு வெட்டிச் சாய்த்தேன். அழுதுகொண்டே வெட்டினேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாக வந்தது. சிலது அதுவும் இல்லை. எல்லாம் சேர்த்தும் ஒரு மடிக்கு மேல் தேறவில்லை.

அடுத்த நாள் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பெரட்டில் துரை பேசினார், போனார். கணக்கப்பிள்ளை பீலிக்கரைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க யாரும் வரவில்லை.

வந்தது நர்ஸம்மாதான், பையனை நிறுத்துப் பார்க்க. அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வாசனைக்குத் திரும்பி, மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

“ஐயோ, இன்னும் ஒரு மாசமாச்சும் விட்டிருக்கலாமேம்மா. ஏன் இப்பவே புடுங்கினே?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்தார். மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஆவி அவர் முகத்தில் அடித்தது.

“நான் சொல்லலம்மா” என்றார் மெதுவாக. “இந்தத் தடவ நான் யாருகிட்டயும் சொல்லல.”

“தெரியுங்க. யாரும் வரல.”

ஒரு தட்டில் கிழங்கைப் போட்டு, உப்பைத் தூவி அவரிடம் நீட்டினேன்.

“மொதக் கூடை ஒங்களுக்குன்னு சொன்னேன்ல. சாப்புடுங்க.”

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துத் தோலுரிக்கப் பார்த்தார். அவ்வளவு சின்னக் கிழங்கில் தோல் நகத்துக்கு அகப்படவில்லை. அப்படியே வாயில் போட்டு மென்றார். செல்வி ஓடிவந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். நர்ஸம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக் கதையில் பிள்ளை ஒரு நிமிடம் நிறுத்தி, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள். பிறகு எழுந்து விளையாடப் போய்விட்டாள்.